வாய்க்கால் கசியும்வரைதான் எங்கள் கிணறு

ஆவணி மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்துக்கு வந்து பாருங்கள். மழை நின்று மாதக்கணக்காகியிருக்கும். கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசும். வேலியோரப் புல் கருகிக் கிடக்கும். ஆனால் கந்தளாய்க் குளத்து வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம் உள்ள வளவுகளில் கிணற்றை எட்டிப் பார்த்தால், ஐந்தாறு அடியிலேயே தண்ணீர் நிற்கும். வாய்க்காலைக் கடந்து மேட்டுப் பக்கம் கொஞ்சத் தூரம் போனால், அதே ஆழத்துக்கு வெட்டிய கிணற்றில் வாளி பாறையில் முட்டும். இரண்டு பக்கமும் ஒரே மழை, ஏறக்குறைய ஒரே மண். நடுவில் வாய்க்கால் மட்டும்தான் இருக்கிறது.

இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் எழுத வந்தது அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்ல அல்ல. நீர்ப்பாசனத் திட்டங்களின் கணக்கில் வாய்க்காலின் அடியிலும் பக்கத்திலும் கசிந்து போகும் தண்ணீர் ‘இழப்பு’ என்ற பத்தியில் எழுதப்படுகிறது. அந்த இழப்பைக் குறைக்க மண் வாய்க்காலுக்குக் கொங்கிரீட் போடுவது நல்ல திட்டம் என்று எல்லா இடத்திலும் பேசப்படுகிறது. வயலுக்குப் போகாத தண்ணீர் என்ற பொருளில் அது இழப்புதான். ஆனால் அந்தத் தண்ணீரில்தான் வாய்க்காலோரத்துச் சனம் சமைக்கிறது, குளிக்கிறது, மாட்டுக்கு வைக்கிறது. வயல் கணக்கையும் கிணற்றுக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்காமல் எந்த வாய்க்காலையும் பூசக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதலில், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக்கு வருடத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றோடு வந்து முடிந்துவிடும். நமக்கு வெயில் கொளுத்தும் வைகாசி முதல் புரட்டாசி வரையான மாதங்களில் மத்திய மலைநாட்டில் தென்மேற்குப் பருவமழை. மகாவலியில் இறங்கும் அந்த மழைநீரில் ஒரு பகுதியை, 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்லைத் திசைதிருப்பு அணை சுரங்கம் வழியாக வடக்கே அனுப்புகிறது. அது அம்பன் கங்கையில் சேர்ந்து, எலஹெரவில் பழைய கால்வாய்க்குள் திரும்பி, மின்னேரியா வழியாகக் கந்தளாய்க்கு வருகிறது. ஆகவே ஆவணியில் தம்பலகாமத்துக் கிணறு ஒன்றில் மொண்டு குடிக்கும் தண்ணீரில் மலைநாட்டு மழையும் கலந்திருக்கிறது. கந்தளாய்க் குளத்தைக் கட்டியது இரண்டாம் அக்கபோதி என்று வரலாறு சொல்லும், குளக்கோட்டன் என்று நம் ஊர் சொல்லும். யார் கட்டியிருந்தாலும், அவர்கள் வயலுக்கென்று வெட்டிய வாய்க்கால் கிணறுகளையும் சேர்த்தே வளர்த்திருக்கிறது.

கசிவு எப்படி நடக்கிறது? மணலுக்குள் தண்ணீர் ஓடும் விதத்தை முதலில் அளந்து எழுதியவர் ஹென்றி டார்சி. பிரான்சின் திஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியியலாளர். 1856இல் அவர் வெளியிட்ட விதி எளிமையானது: தண்ணீர் மட்டத்தில் இரண்டு இடங்களுக்கிடையே உள்ள உயர வித்தியாசம் கூடக் கூட ஓட்டம் கூடும், தூரம் கூடக் கூட ஓட்டம் குறையும், மண் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் போகும். வாய்க்காலில் தண்ணீர் உயரமாக நின்று, பக்கத்தில் நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்தால் கசிவு வேகமாக இருக்கும். நாட்கள் போகப் போக வாய்க்காலின் கீழே நிலத்தடி நீர் ஒரு மேடுபோல உயர்ந்து வரும். அந்த மேடு வாய்க்காலின் அடியைத் தொட்டுவிட்டால் கசிவு தளர்ந்துவிடும், ஏனென்றால் இரண்டுக்கும் உயர வித்தியாசம் குறைந்துவிட்டது. போகத்தின் தொடக்கத்தில் தண்ணீர் திறந்த முதல் நாட்களில் வாய்க்கால் ‘தண்ணியைக் குடிக்குது’ என்று கமக்காரர்கள் சொல்வது இதைத்தான். காய்ந்த மண் நிறைய எடுத்துக்கொள்ளும், பிறகு நிதானமாகும்.

வாய்க்காலின் அடியில் படியும் வண்டலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஓடும் தண்ணீரில் வரும் மெல்லிய களி மண்துளைகளை அடைத்துக் கசிவைக் குறைக்கிறது. வாய்க்காலைத் தூர்வாரிய வருடத்தில் கசிவு திரும்பவும் கூடும். ‘இந்தமுறை வாய்க்கால் துப்புரவாக இருக்கு, ஆனா தண்ணி கடைசி வயலுக்கு வர இன்னும் நேரம் எடுக்குது’ என்று யாராவது சொன்னால், அதை முறைப்பாடாக மட்டும் கேட்காதீர்கள். அதற்கு மண்ணில் காரணம் இருக்கிறது.

நம் பக்கத்து நிலத்தின் அமைப்பு இந்தக் கசிவை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. பிரதான வாய்க்கால் சரிவின் மேல்விளிம்பில், சம உயரத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும். அங்கே இருப்பது செங்கபில மண், தண்ணீரை ஓரளவு நன்றாக விடும். சரிவின் அடியில், வயல் இருக்கும் பள்ளத்தில், தண்ணீர் வடியாத சாம்பல் நிறக் களிமண். குடியேற்றத் திட்டங்களில் காணி கொடுத்தபோது வயல்காணி பள்ளத்திலும், வீட்டுக்கான மேட்டுக்காணி அதற்கு மேலேயும் அமைந்தன. அதனால் பல இடங்களில் வீடுகள் வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் நிற்கின்றன. வாய்க்காலிலிருந்து கசியும் தண்ணீர் வயலை நோக்கிச் சரிந்து போகும் பாதையில்தான் நம் கிணறுகள் எல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் அப்படி அமைந்திருக்கிறது.

அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமானதாகப் படுகிறது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல், அதற்குள் குகையும் வெடிப்புமாக நீர் தேங்க நிறைய இடம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உலர்வலயத்தின் பெரும்பகுதியைப் போல நமக்கும் கீழே இருப்பது மிகப் பழைய கடும்பாறை. அந்தப் பாறையின் மேற்பகுதி காலப்போக்கில் உக்கி உதிர்ந்து உண்டான படைக்குள்தான் ஆழமற்ற கிணறுகளின் தண்ணீர் இருக்கிறது. அந்தப் படை பொதுவாகப் பத்து மீற்றருக்கு மேல் தடிப்பு இல்லை, பல இடங்களில் இரண்டு மூன்று மீற்றர்தான். அதற்குள் வடிந்து வெளியே வரக்கூடிய தண்ணீரும் கனஅளவில் நூற்றுக்குச் சில பங்குதான்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அந்தப் பங்கு நூற்றுக்கு 5 என்று வையுங்கள். ஒரு சதுர மீற்றர் நிலத்துக்குக் கீழே 50 லீற்றர் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் நிலத்தடி நீர்மட்டம் முழுதாக ஒரு மீற்றர் உயர்ந்துவிடும். 50 லீற்றர் என்பது வீட்டில் ஒருவர் குளிக்கும் தண்ணீர். அவ்வளவு குறைந்த தண்ணீருக்கு அவ்வளவு பெரிய உயர்வு. அதனால்தான் வாய்க்கால் திறந்ததும் கிணறு கண்ணுக்குத் தெரிய ஏறுகிறது. அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். கசிவு நின்றால் அந்த ஒரு மீற்றர் போய்விடுவதற்கும் அதிகத் தண்ணீர் வெளியேறத் தேவையில்லை. இப்படிப்பட்ட மெல்லிய படைக்கு வருடத்தில் ஒருமுறை வரும் பெருமழை போதாது. அது மாசியிலேயே வடியத் தொடங்கிவிடும். வெயில் மாதங்களில் நெல் செய்யும் சிறுபோகத்தில் நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டிருக்கும் ஒன்று தேவை, அதை வாய்க்காலும் தண்ணீர் கட்டிய வயலும் செய்கின்றன.

பெரியப்பா தன் கிணற்றின் உட்சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வைத்திருப்பார். தண்ணீர் திறக்கும் முன் ஒரு கோடு, பிறகு அவருக்குத் தோன்றும்போதெல்லாம் ஒரு கோடு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிணறு ஏறிவிடும் என்று நான் சொன்னேன். ‘அவசரப்படாத தம்பி. திறந்து ஒரு கிழமை போகட்டும். முதல் வாய்க்காலடிக் கிணறு ஏறும், பிறகு நம்மட, அதுக்குப் பிறகுதான் அங்கால உள்ளவையிட’ என்றார். அப்படியே நடந்தது. தூரம் கூடக் கூடக் கிணறு தாமதமாக எழும்பும், குறைவாகவும் எழும்பும். முறைபோட்டு வாய்க்காலை மூடித் திறக்கும் நாட்களில் வாய்க்காலடிக் கிணற்றில் அந்த ஏற்ற இறக்கம் தெரியும். தள்ளி இருக்கும் கிணற்றில் அது கரைந்து ஒரே மெதுவான ஏற்றமாகிவிடும். அதற்குப் பிறகு நானும் ஒரு நாடாவில் கல்லைக் கட்டி, சொந்தக்காரர் வீட்டுக் கிணறுகளை அளந்து கொப்பியில் எழுதத் தொடங்கினேன்.

ஒரு கிணறு ஏறியதற்கு வாய்க்கால்தான் காரணமா, வயலில் கட்டிய தண்ணீரா, முதல்நாள் பெய்த மழையா என்று பிரித்துப் பார்ப்பது லேசான வேலை இல்லை. மழைக்காலத்துப் பெரும்போகத்தில் மூன்றும் ஒன்றாக நடக்கும், பிரிக்கவே முடியாது. சிறுபோகத்தில் மழை இல்லாததால் கொஞ்சம் சுலபம். இன்னொரு வழி, தண்ணீரின் மின்கடத்துதிறனைப் பார்ப்பது. கரைந்த உப்புக் கூடக் கூட அதுவும் கூடும். பேனா மாதிரியான சின்னக் கருவி போதும், விலையும் அதிகமில்லை. வாய்க்கால் தண்ணீரில் கரைந்த உப்புக் குறைவு. பாறைப்படையில் நெடுநாள் கிடந்த தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். வாய்க்கால் ஓடும் காலத்தில் ஒரு கிணற்றின் உப்பு இறங்கி, வாய்க்கால் மூடிய பிறகு ஏறினால், அந்தக் கிணற்றுக்குள் வாய்க்கால் வருகிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

வாய்க்கால் கசிவு கிணற்றுக்குத் தருவது தண்ணீரின் அளவை மட்டும் அல்ல என்பதும் இதில் தெரிகிறது. உலர்வலயப் பாறைக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டும் வன்மையும் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் புளோரைட்டுக்கு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. அதைத் தாண்டும் கிணறுகள் உள்ள ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் கபிலக் கறை படிந்திருப்பதைக் காணலாம். வாய்க்காலின் மென்மையான தண்ணீர் கலந்தால் அது நீர்த்துப் போகிறது. வாய்க்காலிலேயே மொண்டு குடிப்பதைவிட, மண் வழியாக வடிந்து கிணற்றுக்கு வந்த தண்ணீர் கிருமி விஷயத்திலும் பரவாயில்லை. ஒரு சுத்திகரிப்பு நிலையம் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அந்த மண் செய்து தருகிறது.

சரி, கசிவெல்லாம் நன்மைதானா? இல்லை. அணைக்கட்டில் கசிவு என்றாலே நம் பக்கத்தில் நெஞ்சு பதறும். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை யாரும் மறக்கவில்லை. மண்கட்டின் உள்ளே போகும் கசிவு மண்துகள்களை இழுத்துக்கொண்டு வெளியே வரத் தொடங்கினால் கட்டுக்குள் ஒரு குழாய் உண்டாகும், அது பெருத்தால் கட்டு நிற்காது. குளக்கட்டிலும், உயரமாக மண் போட்டுக் கட்டிய வாய்க்கால் கரையிலும் கசிவைத் தடுத்தே ஆகவேண்டும். அதில் பேச்சுக்கு இடமில்லை.

பள்ளத்து வயல்களின் நிலைமையும் வேறு. தம்பலகாமக் குடாவை அண்டிய தாழ்ந்த வயல்களில் நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே நிற்கிறது. மேலும் மேலும் கசிவு வந்து சேர்ந்தால் வேர் மூச்சு விட முடியாது. வெயில் காலத்தில் களிமண் அந்தத் தண்ணீரை மேலே உறிஞ்சும், தண்ணீர் ஆவியாகும், உப்பு மேற்பரப்பில் தங்கும். பஞ்சாபில் இது எவ்வளவு பெரிதாகப் போனது என்பது நீர்ப்பாசனம் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலேயர் காலத்துப் பெருங்கால்வாய்கள் பல பத்தாண்டுகள் கசிந்து, ஆழத்தில் கிடந்த நிலத்தடி நீர் வயலின் மேற்பரப்புக்கு அருகே வந்து, நிலம் உவர் பூத்தது. 1960களிலிருந்து பாகிஸ்தான் ஆயிரக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டு அந்த நீரை இறைத்து வெளியேற்ற வேண்டி வந்தது. கழிவறைக் குழியின் பிரச்சினையும் இருக்கிறது. நீர்மட்டம் ஏறும் மாதங்களில் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையில் மண்ணே இல்லாமல் போகும். அந்தக் குழிக்குக் கீழ்ச்சரிவில் கிணறு இருந்தால் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

கொங்கிரீட் போட வேண்டும் என்று கேட்பவர்களையும் நான் எதிரியாகப் பார்க்கவில்லை. அவர்களில் பலர் வாய்க்காலின் கடைசி நுனியில் வயல் வைத்திருப்பவர்கள். முள்ளிப்பொத்தானைப் பக்கத்து நானா ஒருவர் என்னிடம் கேட்டார்: ‘உங்கட கிணறு நிரம்புறதுக்கு என்ட வயல் காயணுமா தம்பி?’ அந்தக் கேள்வியைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மேலே கசிந்ததெல்லாம் கீழே வயலுக்கு வந்து சேரும் என்று நாம் சமாதானம் சொல்லலாம். ஒரு பங்கு உண்மையாகவே வடிகால் வழியாகத் திரும்பி வருகிறது. ஆனால் அது அவருக்குத் தேவைப்படும் கிழமையில் வருவதில்லை. கதிர் குடலையில் நிற்கும்போது தண்ணீர் பிந்தினால் பிறகு வந்து என்ன பயன்?

ஆகவே கேள்வி கொங்கிரீட்டா மண்ணா என்பதாக இருக்கக்கூடாது. எந்தத் துண்டில், யாருடைய கிணற்றுக்கு மேலே என்று கேட்க வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. தெற்கே உடவளவைத் திட்டத்தில் வாய்க்கால்களுக்குக் கொங்கிரீட் போட்டபோது, கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்குள்ள வீட்டுக் கிணறுகளைப் பார்த்தார்கள். ஆழமற்ற கிணறுகள் கசிவை நம்பி இருப்பதும், வாய்க்காலைப் பூசினால் நீர்மட்டம் இறங்குவதும் அங்கே தெளிவாகத் தெரிந்தன. அமெரிக்காவில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. மெக்சிக்கோ எல்லையோரம் ஓடும் ஓல் அமெரிக்கன் கால்வாயில் சுமார் 37 கிலோமீற்றருக்கு 2007இல் கொங்கிரீட் வேலை தொடங்கினார்கள். அந்தக் கசிவை எல்லைக்கு அப்பால் மெக்சிக்காலிக் கமக்காரர்கள் பல்லாண்டாகக் கிணறு வெட்டி இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தரப்பு நீதிமன்றம் வரை போயும் வேலை நிற்கவில்லை. ஒரு நாட்டின் இழப்பு இன்னொரு நாட்டின் கிணறாக இருந்தது. நமக்கு எல்லை எதுவும் நடுவில் இல்லை, பேசித் தீர்க்க முடியும்.

பேச உட்காரும்போது பலரும் தொட விரும்பாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1989 முதல் மானியத்தோடு உலர்வலயமெங்கும் பரவிய பெரிய விவசாயக் கிணறுகளில் பல வாய்க்காலோரமாகவே வெட்டப்பட்டன. அங்கே மோட்டர் வைத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைக்கும்போது கிணற்று மட்டம் இறங்குகிறது, வாய்க்காலுக்கும் அதற்கும் உயர வித்தியாசம் கூடுகிறது, வாய்க்கால் இன்னும் வேகமாகக் கசிகிறது. டார்சியின் விதிப்படி அது வாய்க்காலிலேயே பம்ப் வைத்த மாதிரிதான், தண்ணீர் மண்ணைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். குடிக்கவும் குளிக்கவும் மொள்ளும் வீட்டுக் கிணற்றையும் நாள் முழுக்க இறைக்கும் மோட்டரையும் ஒரே தட்டில் வைத்துக் கிணற்றுக்காரர் உரிமை என்று நான் பேச மாட்டேன். கடைசி வயல்காரரின் முறைப்பாட்டில் பெரும்பங்கு இந்த மோட்டர்களை நோக்கி இருந்தால் அது நியாயம்.

என் யோசனை இதுதான். வாய்க்கால் வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும் முன், அந்தத் துண்டின் இரு பக்கமும் உள்ள கிணறுகளை எண்ண வேண்டும். தண்ணீர் திறக்கும் முன்பு ஒருமுறை, சிறுபோகத்தின் நடுவில் ஒருமுறை, மூடி ஒரு மாதத்துக்குப் பிறகு ஒருமுறை அளந்தால் போதும், எது வாய்க்காலை நம்பி இருக்கிறது என்று தெரிந்துவிடும். கமக்கார அமைப்புகளும், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைமாரும் நாடாவும் கல்லும் வைத்தே இதைச் செய்யலாம். பிறகு, குடியிருப்பே இல்லாத காட்டுத் துண்டிலும், உயர்த்திக் கட்டிய கரையிலும், உவர் பூக்கும் பள்ளத்துக்கு மேலேயும் கொங்கிரீட்டைப் போடட்டும். வீடுகள் நெருங்கிய துண்டில் அரிப்பெடுக்கும் பக்கங்களை மட்டும் கட்டி, அடியை மண்ணாக விடலாம். அதுவும் முடியாது, முழுக்கப் பூசித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த வீடுகளுக்குக் குழாய்நீர் வந்த பிறகு பூசட்டும். கந்தளாய்க் குளத்திலிருந்துதான் திருகோணமலை நகரத்துக்கே குடிநீர் போகிறது. குளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு ஒரு குழாய் இழுப்பதை அந்த வேலையின் செலவிலேயே சேர்க்கலாம்.

அடுத்த சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். கொப்பியில் இருக்கும் அளவுகளைப் பெரிய தாளில் வரைந்து எடுத்துப் போவேன். வாய்க்காலோரம் வீடு உள்ளவர்கள், முக்கியமாகக் கந்தளாய்ப் பக்கமும் அல்லைத் திட்டத்து மூதூர், சேருவிலைப் பக்கமும் உள்ளவர்கள், தண்ணீர் திறக்கும் முன்பு உங்கள் கிணற்றை ஒருமுறை அளந்து திகதியோடு எழுதி வையுங்கள். கிணற்றுக்கட்டின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி, வாய்க்காலுக்கு எத்தனை கவடு தூரம், மோட்டர் இருக்கிறதா, இந்த மூன்றும் போதும். காலையில், யாரும் மொள்ளும் முன்பு அளக்க வேண்டும்.